கல்நார்க் கூரையில் கை வைக்கும் முன்

ஹைதராபாத்தின் சனத்நகருக்கும் நம் வீட்டுக் கூரைகளுக்கும் பழைய உறவு உண்டு. 1946-ல் தொடங்கப்பட்ட ஹைதராபாத் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை அங்கேதான் எழுந்தது. அதன் 'சார்மினார்' ஷீட்டுகள் குடிசை, கடை, பள்ளிக்கூடம், மொட்டைமாடி அறை என்று எங்கும் ஏறின. வருடம்தோறும் ஓலை மாற்றி, தீக்குப் பயந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி. அதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த ஷீட்டில் சிமெண்டோடு கலந்திருப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணுக்குத் தெரியாத இழை நுரையீரலில் தங்கிவிட்டால், நோய் வெளியே தெரிய 20, 30, சில சமயம் 40 ஆண்டுகள்கூட ஆகும். இந்தியாவில் கல்நார் சுரங்கங்களுக்குப் புதிய அனுமதி தருவது 1986-லேயே நின்றுவிட்டது. இறக்குமதி மட்டும் நிற்கவில்லை. இலங்கை 2018 முதல் கல்நாரைத் தடுக்க முனைந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா அந்நாட்டுத் தேயிலையை வாங்குவதை நிறுத்தவும், தடை தள்ளிப்போனது. கல்நாரைப் பெருமளவில் விற்கும் நாடும் ரஷ்யாதான்.

தலைக்கு மேல் இருப்பதை இன்றே பிடுங்கி எறிய வேண்டுமா? வேண்டாம். உடையாத ஷீட்டில் இழைகள் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றை அவிழ்த்துவிடுவது நம் பழுதுபார்ப்புதான். கட்டிங் மெஷின் வைத்து அறுப்பது, ட்ரில் போடுவது, பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, விழுந்த தூளை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டுவது: இந்த அரைமணி நேரத்தில் கிளம்பும் தூசுதான், பல வருடம் கூரைக்குக் கீழே படுத்திருப்பதைவிட ஆபத்தானது.

பெரும்பாலும் ஒழுகுவது போல்ட் துளை வழியாகத்தான். வாஷர் வெடித்திருக்கும், அதை மாற்றினாலே போதும். சிறு விரிசலை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் பிட்டுமன் டேப் ஒட்டலாம். மேற்பரப்பு முழுவதும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் இழைகள் உதிர்வதும் குறையும். ஷீட்டின் மீது நேராகக் கால் வைக்கவே கூடாது. பழசானது முறுகிப்போயிருக்கும், ஆளோடு உடைந்து விழும். கீழே உள்ள குறுக்குச் சட்டங்களின் மேல் பலகை போட்டு அதில்தான் நடக்க வேண்டும்.

கழற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் தண்ணீரால் நனையுங்கள். போல்ட்டைக் கழற்றி முழுதாக இறக்குங்கள், மேலிருந்து போடாதீர்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. துணி மாஸ்க் இந்தத் தூசை நிறுத்தாது. நுண்துகள் வடிகட்டும் மாஸ்க் வேண்டும். இறக்கியதைக் கனமான பாலித்தீனில் சுற்றி, எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். ஹைதராபாத்துக்கு துண்டிகலில் அபாயக் கழிவுக் கிடங்கு உண்டு. உடைந்த துண்டுகளைக் குளியலறைத் தடுப்பாகவும் ஆட்டுக்கொட்டில் மறைப்பாகவும் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

புதிதாக வாங்குவதானால் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) எண்ணைப் பாருங்கள். 459 என்றால் கல்நார் ஷீட். 14871 என்றால் கல்நார் இல்லாத இழை சிமெண்ட் ஷீட். அதே சார்மினார் பெயரிலேயே இப்போது கல்நார் இல்லாத ஷீட்டும் வருகிறது. பில்லில் எண்ணை எழுதி வாங்குங்கள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றைத் தந்தாலோ, வேலையில் குறை இருந்தாலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

கல்நார் ஆலைகளில் உழைத்தவர்களுக்கு 1995-ல் உச்ச நீதிமன்றம் அழுத்தமான பாதுகாப்புத் தந்தது. தொழிலாளியின் மருத்துவப் பதிவுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். கல்நாரால் வரும் நுரையீரல் நோய் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது, ஈ.எஸ்.ஐ.யில் இழப்பீடு கோரலாம். தினக்கூலிக்கு நம் வீட்டுக் கூரை ஏறுபவருக்கோ பெரும்பாலும் இதில் எதுவும் இல்லை. அவரிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் பதிவு செய்யச் சொல்லுங்கள். மாஸ்க்கும் பலகையும் நம் செலவில் வரட்டும். எப்போதோ ஷீட் அறுத்தவருக்கு இன்று மூச்சு வாங்கினால், டாக்டர் கேட்காவிட்டாலும் அந்த வேலையைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும்.