விரல் போனதை ஏட்டில் எழுதுவோம்!

"கவனக் குறைவு!"

பவர் பிரஸ்ஸின் அடியில் சிக்கித் தொழிலாளியின் விரல் நசுங்கியதும் பட்டறைக்காரர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல். "விதி!" என்பது அக்கம்பக்கத்தார் சொல். "போனது விரலோடு போயிற்றே, உயிர் தப்பினானே" என்பது உற்றார் ஆறுதல். மூன்றும் சேர்ந்து என்ன செய்கின்றன? இயந்திரத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி வெளியே அனுப்பிவிடுகின்றன! மறுநாள் காலை அதே பிரஸ், அதே டை, அதே மிதி. எதிரே மட்டும் வேறொரு வாலிபன்.

அவனுக்கு முன்னே நின்றவனுக்கு நேர்ந்தது என்ன, நேர்ந்தது ஏன் என்று எழுதி வைத்த தாள் ஒன்றேனும் அந்தப் பட்டறையில் உண்டா? பொருள் வந்த கணக்கு இருக்கிறது, போன கணக்கு இருக்கிறது, கழிவுத் தகடு எத்தனை கிலோ என்ற கணக்கும் இருக்கிறது. விரல் கணக்கு மட்டும் இல்லை!

பிரஸ் ஓட்டும் தோழர்களுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். பெரிய சக்கரம் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். மிதியை அழுத்தினால் கிளட்ச் பற்றும். மேலே உள்ள டை ஒருமுறை இறங்கி, ஏறி, நிற்க வேண்டும். கிளட்சின் சாவி தேய்ந்து போனால் நிற்க வேண்டியது நிற்காது. மிதிக்காமலே இரண்டாம் அடி விழும். முதல் அடியில் வெட்டுண்ட தகட்டை எடுக்கப் போன கை அப்போது உள்ளே இருக்கும்!

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. தேய்ந்த சாவி திடீரென்று ஒருநாள் கொலைகாரனாவதில்லை. முந்திய வாரமே ஒருமுறை தானாக இறங்கியிருக்கும். கை வெளியே இருந்ததால் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார்கள். டீக்கடையில் பேசியுமிருப்பார்கள். டீக்கடையோடு அது போயிற்று. மயிரிழையில் தப்பிய அந்தச் செய்தி எழுதப்பட்டிருந்தால், அந்தச் சாவி மாற்றப்பட்டிருக்கும்.

"சட்டம் இருக்கிறதே!" என்பார்கள். இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசையோடு 10 பேர், மின்விசையின்றி 20 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்றது. அடிபட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர இயலாது போனால் அதிகாரிக்கு அறிவிக்கக் கட்டளையிட்டது. அதற்கும் வழி கண்டார்கள் வல்லவர்கள்! கையில் கட்டோடு வந்து மூலையில் உட்கார், வருகைப் பதிவில் பேர் ஏறட்டும், சம்பளம் வாங்கிக்கொள் என்றார்கள். வேலைக்கு வந்துவிட்டான், ஆகவே அறிவிக்கத்தக்க விபத்தே நடக்கவில்லை!

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. தொழிற்சாலை என்று பெயர் பெற வேண்டிய எண்ணிக்கை மின்விசையோடு 20, மின்விசையின்றி 40 என்று உயர்ந்துவிட்டது. பத்துப் பேர் உள்ள இடம் 'நிறுவனம்' என்ற முறையில் பொதுக் கடமைகளுக்குள் வருகிறது, மெய்தான். மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் தொழிற்சாலைக்கென்றே எழுதிய பிரிவுகள்? மின்விசையில் ஓடும் பதினைந்து பேர் பட்டறை அவற்றுக்கு வெளியே நிற்கிறது. பிரஸ்ஸுக்கு எண்ணிக்கை தெரியுமா, தோழர்களே?

எழுதுவதால் என்ன ஆகும் என்று ஐயுறுவோர் அரியானாவைப் பார்க்கட்டும். குருகிராம், மானேசர் பகுதியில் கார்க் கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் ஆலைகள் ஏராளம். அங்கே 'சேஃப் இன் இந்தியா' என்ற தொண்டு நிறுவனம், விரல் இழந்து ஈ.எஸ்.ஐ. சிகிச்சைக்கு வந்த தொழிலாளர்களைத் தேடிக் கேட்டது. எந்த இயந்திரம்? காப்பு இருந்ததா? எத்தனை மணி நேர வேலை? ஈ.எஸ்.ஐ. அட்டை எப்போது கைக்கு வந்தது? விடைகளைத் தொகுத்து 2019 முதல் அறிக்கைகளாக வெளியிட்டு வருகிறது. கை நசுக்கியவற்றில் முதலிடம் பவர் பிரஸ்ஸுக்கு. கையை உணர்ந்து நிறுத்தும் கருவி பல இயந்திரங்களில் இல்லை. இருந்த இடத்தில் ஓடவில்லை. அட்டையோ, பலருக்கு விபத்து நடந்த பிறகே வந்திருக்கிறது! தனித்தனியே கேட்டால் ஒவ்வொன்றும் ஒருவன் தலையெழுத்து. சேர்த்து வைத்தபோது அது குற்றப் பத்திரிகை. உதிரிப் பாகம் வாங்கும் பெரிய கம்பெனிகளை நோக்கி, உங்கள் காரில் யார் விரல் இருக்கிறது என்று கேட்க அந்தக் கணக்கு வழி செய்தது.

இது புதிய வழியுமன்று. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில், 1906 ஜூலை முதல் ஓராண்டில் வேலையில் இறந்த 526 பேரின் கதையைக் கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற அம்மையார் ஆராய்ந்தார். 1910இல் நூலாக வந்தது. நட்டஈட்டுச் சட்டங்கள் அங்கே பிறந்ததில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் ஆஸ்பத்திரியிலும் பிணக் கணக்கிலும் எடுக்கும் குறிப்பு, விரலும் உயிரும் போன பிறகு எடுப்பது. நாம் கேட்பது அதற்கு முந்திய குறிப்பு. அதை எழுதக் கூடியவர் இயந்திரத்தின் முன் நிற்பவர்தாம்.

அம்பத்தூரிலோ கோவையிலோ ஓசூரிலோ ஒரு தெருவை எண்ணிப் பாருங்கள். பட்டறைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். ஒரு பட்டறையில் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு விரல் போகிறது. அதை வைத்து எவரும் எதையும் கற்க முடியாது, "அபூர்வம்" என்பார்கள். பத்துப் பட்டறையின் கணக்கை ஒரே நோட்டில் எழுதிப் பாருங்கள்! எந்த வகைப் பிரஸ், எந்த வேலை, ஓவர்டைமின் எத்தனையாவது மணி என்பதெல்லாம் வரிசையாகக் கண்ணில் படும். சிறு பட்டறையின் தனிமைதான் விபத்துக்கு மறைவிடம்.

"எழுதினால் வேலை போகும்" என்ற அச்சம் பொய்யான அச்சமன்று. ஆகவே நோட்டு பட்டறையில் இருக்க வேண்டாம், சங்கத்தில் இருக்கட்டும். சொன்னவர் பேர் வேண்டாம். தேதி, மணி, இயந்திரம், காப்பு இருந்ததா, அதற்குமுன் அது காட்டிய அறிகுறி என்ன - இவை போதும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது.

பட்டறைக்காரர் எல்லோரும் அரக்கர் என்று நாம் சொல்லவில்லை. பலர் நேற்று லேத்தில் நின்றவர்கள். வங்கிக் கடனுக்கும் பெரிய கம்பெனி குறைத்த விலைக்கும் நடுவே நசுங்குகிறவர்கள். எந்தப் பிரஸ்ஸுக்கு முதலில் காப்புப் போடுவது என்று அவருக்கும் அந்த நோட்டுத்தான் காட்டும். விலையைக் குறைக்கும் பெரிய கம்பெனியிடம், காப்பின் செலவையும் விலையில் சேர் என்று வாதாட அவர் கையிலும் ஓர் ஆதாரம் வேண்டாமா?

விபத்துப் புத்தகம் வைக்கும்படி 1950ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. ஒழுங்குமுறைகளே முதலாளிக்குச் சொல்லியிருக்கின்றன. அது எங்கே என்று கேளுங்கள். பீரோவிலிருந்து வெள்ளைத் தாளாக வந்தால், அதையும் தேதியோடு நம் நோட்டில் குறியுங்கள். முதல் பக்கத்தில் தெருவிலுள்ள பிரஸ்கள் எத்தனை என்று எழுதுங்கள். அடுத்த வரியில், அவற்றில் காப்பு உள்ளவை எத்தனை என்று எழுதுங்கள்.