பத்திரத்தில் வரும் 'சுயார்ஜிதம்'

சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலைக் கூலியில் மிச்சம்பிடித்து கரிசல் காடு வாங்கியவர்கள் உண்டு. அது அவர்களுடைய சுயார்ஜிதம். அதாவது சொந்தச் சம்பாத்தியத்தில் வந்த சொத்து. வாங்கியவர் இருக்கும்வரை பிள்ளைகள் அதில் பங்கு கேட்க முடியாது. விற்கலாம், உயில் எழுதலாம், தானசெட்டில்மெண்ட்டும் கொடுக்கலாம். உயில் இல்லாமல் அவர் இறந்துவிட்டால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயாருக்கும் சம பங்கு உண்டு. பலர் மறப்பது தாயாரைத்தான்.

பூர்வீகச் சொத்து வேறு. அதில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. பூர்வீக நிலத்தை விற்ற பணத்தில் வேறு காடு வாங்கிவிட்டு, பத்திரத்தில் 'சுயார்ஜிதம்' என்று எழுதினால் மட்டும் அது சுயார்ஜிதம் ஆகிவிடாது. பணம் வந்த வழிதான் கணக்கு. சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக், கடன் ரசீது எதுவானாலும் கிரையப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.