பழகிய கையும் பழகாத கையும்

“தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதானே! வினாத்தாள் ஒன்று, நேரம் ஒன்று, மதிப்பெண் போடும் இயந்திரமும் ஒன்று. இதிலே ஏழை எங்கே வந்தான், பணக்காரன் எங்கே வந்தான்? படித்தவன் வெல்கிறான், படிக்காதவன் தோற்கிறான்” என்று நீதி பேசுவோர் நாட்டிலே நிறைய உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அவர்கள் சொல்லமாட்டார்கள். நாம்தான் சொல்லவேண்டும், நம் தோழர்கள்தான் அதைத் தெரிந்துகொண்டு நாலு பேருக்கு எடுத்துரைக்கவேண்டும்.

ஐ.ஐ.டி. என்று அழைக்கப்படும் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களையே எடுத்துக்கொள்வோம். முதலாவது 1951-இல் கரக்பூரில் தோன்றிற்று. 1959-இல் நம் சென்னையிலே, மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஒன்று எழுந்தது. இன்று நாடு முழுவதும் 23 கழகங்கள் இருக்கின்றன. அத்தனையும் மக்கள் வரிப்பணத்திலே நடப்பவை. தீப்பெட்டி வாங்குகிற கூலிக்காரனும் அதற்கு வரி கொடுக்கிறான். ஆனால், அந்த வாயிலுக்குள் அவன் மகன் நுழைவது எளிதா?

2024-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அவர்களில் முன்வரிசையில் நின்ற இரண்டரை லட்சம் பேருக்கு மட்டுமே இரண்டாம் தேர்வு எழுதும் உரிமை. அதன் இரு தாள்களையும் எழுதியவர்கள் 1,80,200 பேர். தேறியவர்கள் 48,248 பேர். இருந்த இடங்களோ 17,740! முதலில் எழுதியவர்களில் ஏறத்தாழ எண்பது பேருக்கு ஓரிடம். வாசல் குறுகியது, அதை நாம் மறுக்கவில்லை. குறுகிய வாசலுக்கு முன்னே யார் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

தறியைக் கேளுங்கள்

முதல்நிலைத் தேர்வில் 75 வினாக்கள். நேரம் மூன்று மணி. வகுத்துப் பாருங்கள், ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடம் இருபத்து நான்கு விநாடி. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறினால் ஒன்று பறிபோகும். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் அந்த வேகத்தில் போட்டு முடிக்கவேண்டும். எதைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதையும் அந்த விநாடிகளுக்குள்ளேயே முடிவு செய்யவேண்டும்.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? பிறவியிலேயே வருகிறதா? ஆலைத் தோழர்களைக் கேட்கிறோம். ஒரே தறி, ஒரே நூல், ஒரே வெளிச்சம். பத்தாண்டு பழகிய கை அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. நேற்று வந்த சிறுவனின் கை தடுமாறுகிறது. அதைப் பார்த்து, “முன்னவன் அறிவாளி, பின்னவன் முட்டாள்” என்று எந்தத் தொழிலாளியாவது சொல்வானா? பழக்கம் என்பான், பழக நேரம் கிடைத்தது என்பான், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார் என்பான்.

தேர்விலும் அதே கதைதான். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பிலேயே பயிற்சி தொடங்கிவிடுகிறது. நான்கு ஆண்டுகள், ஆயிரக்கணக்கான வினாக்கள், வாரந்தோறும் மாதிரித் தேர்வு, தவறு செய்த இடத்தைச் சுட்டிக்காட்ட ஓர் ஆசிரியர். நம் வீட்டுப் பிள்ளைக்கோ இப்படி ஒரு தேர்வு இருக்கும் செய்தியே பன்னிரண்டாம் வகுப்பின் பாதியில்தான் எட்டுகிறது. சில வேளை எட்டுவதே இல்லை. பள்ளி விட்டு வந்தால் தண்ணீர் பிடிக்கவேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ளவேண்டும், கடையில் இரண்டு மணி நேரம் நிற்கவேண்டும். வினாத்தாள் ஒன்றுதான், ஆனால் ஒருவனுக்கு நாலாண்டு, மற்றவனுக்கு நாலு மாதம். இதற்குப் பெயர் திறமையின் வேறுபாடா? விலைக்கு வாங்கிய நேரத்தைத் தகுதி என்று பெயர் மாற்றி அழைக்கிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறோம்.

ஆலை மூடிய ஊர்

இந்த நேரம் விற்கப்படும் பெருஞ்சந்தையைக் காணவேண்டுமானால் ராஜஸ்தானத்திலே சம்பல் ஆற்றங்கரையில் இருக்கும் கோட்டா நகருக்குப் போகவேண்டும். ஒரு காலத்தில் அது ஆலை நகரம். ஜே.கே. சிந்தெடிக்ஸ் என்ற செயற்கை இழை ஆலை அங்கே பலருக்குச் சோறு போட்டது. அந்த ஆலையில் பொறியாளராக இருந்தவர் வி.கே. பன்சல். தசை நலியும் நோய் கண்டவர். 1980-களில் தம் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவரிடம் படித்தவர்கள் தேறினார்கள். செய்தி பரவிற்று. 1991-இல் அது பயிற்சிக்கூடமாயிற்று. 1997-இல் ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை இழந்தனர். இழை நூற்ற ஊர், தேர்வு நூற்கும் ஊராக மாறிற்று! விடுதி, சோற்றுக்கடை, புத்தகக்கடை எல்லாமே வெளியூர்ப் பிள்ளைகளை நம்பிப் பெருகின.

தனி ஒருவர் திண்ணையில் சொல்லிக்கொடுத்தபோது அது கல்வி. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் வாணிபம் ஆனபிறகு அது வேறு. அந்தக் கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு சரக்கு, சேவை வரியும் உண்டு. வணிகப் பண்டம் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு வேறு சான்று எதற்கு?

இந்தச் சந்தையின் விலை பணம் மட்டும் அன்று. 2023-ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஒரே ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். பெற்றவர் வயிறு பற்றி எரிந்தது. பயிற்சிக்கூடங்களின் தேர்வுகளை மாவட்ட நிர்வாகம் இரண்டு மாதம் நிறுத்திவைத்தது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பயிற்சிக்கூடங்கள் சேர்க்கக்கூடாது என்று 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் நெறிமுறை வெளியிட்டது. நோய் முற்றிய பிறகு பத்தியம்! ஆகவே தோழர்களே, மகனைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துங்கள் என்று நாம் சொல்லும்போது, அவனைப் பிழிந்தெடுங்கள் என்று சொல்லவில்லை. எண்பது பேரில் எழுபத்தொன்பது பேருக்கு இடம் இல்லை என்பது கணக்கு. கிடைக்காதவன் வீணன் அல்லன். அதை வீட்டிலே முதல் நாளே சொல்லிவிடவேண்டும்.

கிண்டி சொல்லும் சான்று

நுழைவுத் தேர்வு இல்லாவிட்டால் தரம் போய்விடும் என்று ஒரு கூக்குரல். தமிழ்நாட்டிலே பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது. 2006-இல் சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. 2007 முதல் அது ஒழிந்தது. அன்று முதல் கிண்டிப் பொறியியல் கல்லூரி, கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே பிள்ளைகளைச் சேர்க்கிறது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பழம்பெரும் கல்லூரி அது. இடிந்து விழுந்துவிட்டதா? இன்றும் அதில் இடம் பெறப் பிள்ளைகள் முண்டியடிக்கிறார்கள். மருத்துவத்துக்கோ 2017 முதல் ‘நீட்’ நம்மீது சுமத்தப்பட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டதைக் கண்டு, 2020-இல் மருத்துவத்திலும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் அவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கித் தமிழகம் சட்டம் செய்தது. இடம் கொடுத்ததும் பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். அறிவு அங்கே இருந்தது; வழிதான் இல்லாமல் இருந்தது.

மொழிச் சுவர் ஒன்றும் உண்டு. ஐ.ஐ.டி.க்கான முதல்நிலைத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். 2021-இல் வந்த ஏற்பாடு இது. இரண்டாம் தேர்விலோ வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! கான்பூர்ப் பிள்ளை தாய்மொழியில் படித்துத் தாய்மொழியில் எழுதலாம். காரியாப்பட்டிப் பிள்ளை கூடாதாம். முதல் படியில் தமிழை ஏற்றவர்கள் இரண்டாம் படியில் ஏன் இறக்கிவிடுகிறார்கள்? இதைக் கேட்காமல் இருக்கமுடியாது, கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஒன்பதாம் வகுப்பிலேயே...

கேட்பது ஒரு புறம். ஆனால், சட்டம் மாறும்வரை பதினைந்து வயதுப் பிள்ளை காத்திருக்கமுடியுமா? போன வயது திரும்புமா? ஆகவே போராட்டமும் வேண்டும், ஆயத்தமும் வேண்டும். ஒவ்வொரு தோழரும் மனத்தில் வைக்கவேண்டிய சிலவற்றைச் சொல்லுகிறோம்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணிதம்தான் அடித்தளம். இயற்கணிதமும் வடிவியலும் தடுமாறினால் மேலே எதைக் கட்டினாலும் சாயும். புரியாமல் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குவது இங்கே செல்லாது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எடுக்கும் பாடப்பிரிவுதான் திருப்புமுனை. கணிதமும் இயற்பியலும் இல்லாத பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு ஐ.ஐ.டி. பொறியியல் வாசல் அன்றே அடைபட்டுப் போகிறது. உயிரியல் இல்லாத பிரிவென்றால் மருத்துவப் பாதை கடினமாகிவிடும். ‘பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான்’ என்று சேர்த்துவிடாதீர்கள்.

அரசின் 7.5 விழுக்காடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கே. கடன் வாங்கி நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள், கையிலிருக்கும் உரிமையை விட்டுவிடுகிறோம் என்பதை அறிந்து செய்யவேண்டும். இந்த ஒதுக்கீடு மாநிலக் கல்லூரிகளுக்கு, ஐ.ஐ.டி.க்குப் பொருந்தாது.

முதல்நிலைத் தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. ஜனவரித் தேர்வுக்கு அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் கேட்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு மதிப்பெண், அல்லது அந்தந்தக் கல்வி வாரியத்தில் முதல் இருபது விழுக்காட்டினருள் ஓரிடம் வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 65 விழுக்காடு போதும். எனவே பள்ளிப் பாடத்தை ஒதுக்கிவைப்பது தற்கொலைக்குச் சமம்.

சான்றிதழிலே தோற்கிற பிள்ளைகளும் உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காட்டைப் பெற, நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. ஒன்றிய அரசின் படிவத்தில், ‘கிரீமிலேயர்’ அல்லாதவர் என்று, அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் வேண்டும். படித்துத் தேறியவன் ஒரு காகிதத்துக்காகத் திரும்பி வருவதா?

“இடம் கிடைத்தாலும் பணத்துக்கு எங்கே போவது?” என்று அஞ்சுகிறவர்கள் கேளுங்கள். 2016-இல் ஐ.ஐ.டி. படிப்புக் கட்டணத்தை ஆண்டுக்கு 2 லட்சமாக உயர்த்தியபோதே விலக்கும் வைத்தார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் படிப்புக் கட்டணம் முழுவதும் இல்லை. மற்றவர்களில் குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் முழு விலக்கு. ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. விடுதியும் உணவும் தனிச் செலவு. பெரிய தொகையைக் கேட்டு மிரண்டு, விண்ணப்பம் போடாமலே இருந்துவிடாதீர்கள்.

படிப்பகம் எதற்கு?

இத்தனையும் ஒரு தனித் தொழிலாளியால் ஆகுமா? இரவு ஷிப்ட் முடித்து வருகிறவன் படிவத்தைத் தேடுவானா, தேதியைத் தேடுவானா? ஆகாது. அதனால்தான் கூட்டாகச் செய்யவேண்டும் என்கிறோம்.

ஊர்தோறும் படிப்பகம் வைத்த இயக்கம் நம்முடையது. ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர் சுற்றி உட்கார்ந்து உலகத்தைத் தெரிந்துகொண்டார்கள். அதே படிப்பகத்திலே இன்று மாலை ஏழு மணிக்கு நாலு பலகை போடுங்கள், விளக்கைப் போடுங்கள். பழைய வினாத்தாள்களை இணையத்திலிருந்து இலவசமாகவே எடுக்கலாம். அச்செடுத்து வையுங்கள். ஊரில் பொறியியல் படித்துவிட்டு இருக்கும் இளைஞனை வாரம் இரண்டு நாள் வரச்சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கடிகாரத்தை வைத்துத் தேர்வு எழுதச் செய்யுங்கள். தமிழில் படிக்கும் பிள்ளைக்கு, ஒவ்வொரு அறிவியல் சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதிப் பழக்குங்கள். சுவர் இடியும்வரை ஏணி வேண்டுமல்லவா? விண்ணப்ப நாட்களைக் கொட்டை எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்.

கோட்டாவுக்குச் சமமாகிவிடும் என்று நாம் ஏமாற்றமாட்டோம். பத்துப் பிள்ளை படித்தால் ஒன்று ஐ.ஐ.டி.க்குப் போகலாம், ஒன்றுகூடப் போகாமலும் இருக்கலாம். ஆனால் மற்றவை கிண்டிக்கோ, அரசுக் கல்லூரிக்கோ, நல்ல வேறு படிப்புக்கோ போகும். பழகிய கை எங்கே போனாலும் பழகிய கைதான்.

தொழிலாளித் தோழர்களே! வாசலைப் பெரிதாக்கு என்று முழங்குவோம். அதுவரை, அந்த வாசலுக்குப் போகும் வழி தெரியாமல் நம் பிள்ளை ஒன்றுகூட நடுத்தெருவில் நிற்கக்கூடாது. உங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று இன்றே எண்ணத் தொடங்குங்கள்!