போர்மட் அடிக்க முன்: எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது?

கோமாரியில் கணினி பழுதுபார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் வேண்டுகோள் இது: “விண்டோஸ் வருதில்ல, போர்மட் அடிச்சுத் தாங்க.” அந்த வன்தட்டில்தான் காணாமலாக்கப்பட்ட மகனைப் பற்றிய முறைப்பாட்டின் பிரதி இருக்கும்; 2004 ஆழிப்பேரலையில் மூலப்பிரதி போய்விட்ட காணிப் பத்திரத்தின் படமும் இருக்கும்.

கணினி திறக்காததற்கு, அதன் அமைப்புக் கோப்புகள் பிழையாக மேலெழுதப்பட்டதும் ஒரு காரணம். மின்சாரம் இடையில் நின்றாலோ, தவறான மென்பொருளை நிறுவினாலோ இப்படி நடக்கலாம். ஆனால் விண்டோஸை மீண்டும் நிறுவிவிடலாம். உங்கள் ஆவணத்துக்கு வேறு பிரதி இல்லாவிட்டால் அதை எங்கிருந்தும் எடுக்க முடியாது.

அழித்தலும் மேலெழுதலும் ஒன்றல்ல. சாதாரண வன்தட்டில் ஒரு கோப்பை அழித்தால், அது இருந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறது. உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். அதே இடத்தில் வேறொன்று எழுதப்பட்டால், மீட்பு மென்பொருளாலும் பழையதைத் தர முடியாது. போர்மட் செய்து புதிய விண்டோஸை ஏற்றுவது அப்படியான மேலெழுதல்தான். எஸ்.எஸ்.டி. தட்டுகளில் அழித்தவை இன்னும் விரைவாகவே இல்லாமற்போகும்.

ஆகவே ஒழுங்கு முக்கியம்.

முதலில், தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்து, அல்லது லினக்ஸ் உள்ள பென் டிரைவால் கணினியைத் திறந்து, சொந்தக் கோப்புகளை வெளியே பிரதி எடுக்க வேண்டும். தட்டு பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி தேவை.

இரண்டாவது, ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ மூலம் முந்தைய அமைப்புக்குத் திரும்பிப் பார்க்கலாம். முன்பு விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரி கோப்புகளின் பிரதியை ‘ரெக்பேக்’ என்ற கோப்புறையில் தானாகவே வைத்தது. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அது நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளை நம்பி அங்கே தேடினால் வெறுங்கோப்புகளே கிடைக்கும்.

இவை சரிவராவிட்டால் மட்டுமே போர்மட்.

பிரதி இல்லாவிட்டால் அரசாங்கத்தாலும் மீட்க முடியாது. 2023இல் இலங்கை அரச மேகக்கணினி மீது நடந்த கப்பத் தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்குரிய பிரதி தனியாக எடுத்துவைக்கப்பட்டிருக்கவில்லை.

முறைப்பாட்டுக் கடிதம், காணிப் பத்திரம், மரணச் சான்றிதழ் ஆகியவற்றை இரண்டு பென் டிரைவ்களில் பதியுங்கள். ஒன்றை வீட்டில் வையுங்கள். மற்றதைக் கடற்கரையை விட்டுத் தூர இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.