சந்தைக் கூடையும் மார்பகப் புற்றுநோயும்



யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் மருதனார்மடச் சந்தி வரும். அங்கே பெரிய மரக்கறிச் சந்தை. அதே வீதியில் இன்னும் போனால் தெல்லிப்பழை. அங்கே 2013 இல் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியில் கட்டியது அது. இந்தச் சந்தைக்கும் அந்த வைத்தியசாலைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே.

இரத்தம் சொல்லும் சேதி

கரட், பூசணி, பப்பாசி, தக்காளிக்கு நிறம் தருபவை கரோட்டினொயிட்டு என்னும் சத்துகள். கீரையிலும் இவை நிறைய உண்டு. நம் உடல் இவற்றைத் தானாக உண்டாக்காது. உண்பதே இரத்தத்தில் சேர்கிறது. 2012 இல் எட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நோய் தெரியவருமுன்பே எடுத்து வைத்த இரத்தம் அது. மார்பகப் புற்றுநோய் கண்ட 3,000க்கும் மேற்பட்ட பெண்களின் இரத்தத்தை நோயற்ற பெண்களின் இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். இச்சத்து மிகக் கூடுதலாக இருந்த பெண்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட நோய் அபாயம் சுமார் 19 சதவீதம் குறைவு.

இதனால் கீரை உண்டவருக்கு நோயே வராது என்று எண்ணிவிடாதீர்கள். தொடர்பு தெரிகிறது; கீரைதான் காத்தது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. இச்சத்தை இரத்தத்தில் அளந்து புற்றுநோய் உண்டா இல்லையா என்று சொல்லவும் முடியாது.

மாத்திரை வேண்டாம்

"அப்படியானால் மாத்திரையாக விழுங்கலாமே?" என்று கேட்கலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. 1994 இல் வெளிவந்த முடிவு இது. உணவாகவே உண்ணுங்கள். இச்சத்து கொழுப்போடுதான் உடலில் சேரும். ஆகவே முருங்கையிலையைத் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்யுங்கள். தக்காளியைச் சமைத்து உண்பது நல்லது.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றைக் குழம்போடு பிசைந்து உண்டு எழும் தாய்மார் எத்தனை பேர்! உங்கள் பங்குக் கீரையை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

வெட்கம் வேண்டாம்

மார்பில் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஏதும் கண்டால் மறைக்காதீர்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். பெண் வைத்தியரிடம் காட்ட விரும்பினால் கேளுங்கள்.

சந்தைக்குப் போவதை நாம் ஒத்திப்போடுவதில்லை. வைத்தியரிடம் போவதையும் ஒத்திப்போடாதீர்கள், சகோதரிகளே!