சேரன்மகாதேவிச் சிறுவனும் உலக வங்கியின் கணக்கும்

முதலமைச்சராக இருந்த காமராசர் சேரன்மகாதேவி வழியாகக் காரில் போனபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கி நின்றவர், அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்களிடம் பள்ளிக்கூடம் போகவில்லையா என்று விசாரித்தார். போனால் சோறு யார் போடுவார்கள் என்று ஒருவன் திருப்பிக் கேட்டான். மதிய உணவுத் திட்டத்துக்கு வித்து இதுதான் என்று தமிழ்நாட்டில் இன்றும் சொல்லப்படுகிறது. திட்டம் 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கியது.

அரசாங்கக் கணக்கில் அந்தச் சோறு வெறும் செலவு. அது முதலீடு என்று பொருளியல் உரக்கச் சொல்ல இன்னும் நான்கு வருடம் ஆயிற்று. 1960-ல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைமை உரையில், படிப்புக்கும் உடல்நலத்துக்கும் செய்யும் செலவே ஒரு நாட்டின் வளர்ச்சியில் பெரும் பங்கை விளக்குகிறது என்று வாதிட்டார் தியோடர் ஷுல்ட்ஸ். கேரி பெக்கர் 1964-ல் அதை ஒரு நூலாகவே விரித்தார். இருவரும் பிற்பாடு நோபல் பரிசு பெற்றார்கள். ஒருவரின் ஆரோக்கியம், கல்வி, கைத்திறன், அனுபவம் ஆகிய எல்லாம் சேர்ந்ததை மனித மூலதனம் என்கிறோம். வயலை விற்கலாம், இயந்திரத்தை அடகு வைக்கலாம். இதை மட்டும் ஆளிடமிருந்து பிரித்தெடுக்க முடியாது. அளப்பதில் உள்ள சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

நாடுகளை அளக்க உலக வங்கி 2018-ல் ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தது. இன்று பிறக்கும் குழந்தைக்கு முழுப் படிப்பும் முழு ஆரோக்கியமும் கிடைத்தால், அது வளர்ந்து எவ்வளவு ஈட்டும்? நாட்டின் இன்றைய நிலைமையில் அதில் எத்தனை பங்கை எட்டும்? 2020 பட்டியலில் இந்தியாவின் மதிப்பு 0.49, இலங்கைக்கு 0.60, சிங்கப்பூருக்கு 0.88. அதாவது இந்தியக் குழந்தை தன்னால் முடிந்ததில் பாதியைக்கூடத் தொடாது என்பது இந்தக் கணக்கின் தீர்ப்பு.

உள்ளே போய்ப் பார்த்தால் இன்னும் உறுத்துகிறது. சராசரி இந்தியக் குழந்தை 11.1 ஆண்டுகள் பள்ளியில் இருக்கும். ஆனால் தேர்வுகளில் தெரியும் கற்றல் தரத்தை வைத்துச் சரிசெய்தால் அது 7.1 ஆண்டாகச் சுருங்குகிறது. நான்கு ஆண்டுகள் வகுப்பில் உட்கார்ந்ததற்குப் பலன் இல்லை.

முதல் பட்டியலை 2018-ல் இந்திய நிதியமைச்சகம் ஏற்க மறுத்தது. கல்வித் தரத்துக்கு எடுத்த தரவு 2009-ஐச் சேர்ந்தது என்பது அதன் வாதங்களில் ஒன்று. வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தத் தரவைத் தந்த பைசா (PISA) என்ற சர்வதேச மாணவர் தேர்வின் அந்தச் சுற்றில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்டவை தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் மட்டுமே. இரண்டும் பட்டியலின் அடியில்தான் நின்றன என்பதை நாம் மறக்கக் கூடாது. 2021-22-ல் உயர்கல்வியில் 47 சதவீதச் சேர்க்கையோடு நாட்டின் சராசரியான 28.4-ஐத் தாண்டி நின்ற மாநிலம் தமிழ்நாடு. சேர்க்கை வேறு, கற்றல் வேறு.

உலக வங்கிக் குறியீட்டில் இன்னொரு கூறு, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதம். இங்கே சேரன்மகாதேவிச் சிறுவனின் கேள்வி திரும்ப வருகிறது. பள்ளியில் இலவச உணவு கிடைத்த பெண்கள் பின்னாளில் தாயானபோது, அவர்களுடைய பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குன்றல் குறைவாக இருந்ததை, இந்தியத் தரவுகளை அலசிய ஓர் ஆய்வு 2021-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் காட்டியது. ஒரு தலைமுறைக்குப் போட்ட சோறு அடுத்த தலைமுறையின் எலும்பில் தெரிகிறது. எந்த ஆண்டு பட்ஜெட்டிலும் இந்த வரவை எழுத இடமில்லை.

கம்பெனிகளின் கதை வேறு. பாபநாசத்துத் தண்ணீரின் விசையில் 1880-களில் விக்கிரமசிங்கபுரத்தில் எழுந்தது ஹார்வி ஆலை. அப்படிப்பட்ட ஆலையின் கணக்கில் கதிர்கள் சொத்து. அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடும் தொழிலாளியின் விரல்கள் சம்பளச் செலவு. சர்வதேசக் கணக்கியல் விதி இன்றும் பெரும்பாலும் இதையே சொல்கிறது: ஊழியர் நாளைக்கே விலகிப் போகலாம், ஆகவே அவர் நிறுவனத்தின் சொத்து அல்ல. 1971-ல் லெவ், ஷ்வார்ட்ஸ் என்ற இருவர், ஊழியர்கள் ஓய்வு பெறும்வரை ஈட்டப்போவதை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் முறையை முன்வைத்தார்கள். இன்ஃபோசிஸ் அந்த முறையில் தன் ஆட்களின் மதிப்பைக் கணக்கிட்டுப் பல ஆண்டுகள் வெளியிட்டது. சம்பளத்தையே மதிப்பாக எடுத்துக்கொள்வது அந்த முறையின் பெருங்குறை. இப்போது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்களிடம் ஊழியர் விலகல் விகிதம், பயிற்சி, பெண்களின் பங்கு, விபத்து ஆகிய விவரங்களைக் கட்டாயமாகக் கேட்கிறது. ரூபாயில் ஒற்றை எண் போடுவதைவிட இதுவே நேர்மையான வழி.

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனமான ஸோஹோ, அளவுகோலையே மாற்றிப் பார்த்தது. 2004 முதல் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், மாதம் உதவித்தொகையும் கொடுத்துத் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது. பட்டம் என்ற ஒற்றை வடிகட்டியில் எத்தனை திறமை கழிந்து போகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

பட்டமும் இல்லாமல், கம்பெனியும் இல்லாமல் இருப்பவர்களை யார் எண்ணுவது? சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறது பத்தமடை. கோரையைக் கீறி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, நீளக் குச்சியில் கோத்துப் பாவுக்குள் ஒவ்வொன்றாகச் செலுத்துகிறார்கள். மெல்லிய பட்டுப்பாயைத் துணிபோல மடிக்கலாம். எலிசபெத் அரசியின் 1953 முடிசூட்டு விழாவுக்குப் பரிசாகப் போனது இந்த ஊர்ப் பாய். கீறும்போது எந்த மெலிவில் நிறுத்துவது என்பதைப் பாய் முடைபவரின் கட்டைவிரல் அறியும். அந்த அறிவுக்கு மதிப்பெண் பட்டியல் கிடையாது. பள்ளி ஆண்டுகளைக் கூட்டும் எந்தக் கணக்கிலும் அவர் வெறும் குறைந்த எண். அவர் பாயை விட்டுவிட்டு வேறு கூலிக்குப் போனால், அந்த இழப்பும் எங்கும் பதிவாகாது.

அளவுகோல்கள் குறையுள்ளவை, அதற்காக அளக்காமல் விடுவது பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்கள், போன வருடத்தைவிட எத்தனை பேர் உயரமும் எடையும் கூடியிருக்கிறார்கள் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.