ரைன் கரையில் நின்றுபோன ஆலைகள்

ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில், லுட்விக்ஸ்ஹாஃபென் நகரில் இருக்கிறது பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் ரசாயன வளாகம். பரப்பு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர். சுமார் 200 ஆலைகள். காற்றிலிருக்கும் நைட்ரஜனை அமோனியாவாக்கும் ஹேபர்-போஷ் முறை 1913-ல் முதன்முதலாகத் தொழிற்சாலை அளவில் கைகூடியது இங்கேதான். உலகின் உர உற்பத்திக்கே வழிதிறந்த அந்த இடத்தில், இரண்டு அமோனியா ஆலைகளில் ஒன்றை மூடப்போவதாக 2023 பிப்ரவரியில் நிறுவனம் அறிவித்தது.

நைலானுக்கு மூலப்பொருளான கேப்ரோலாக்டம் ஆலையும், மெத்தை நுரைக்கான ரசாயனத்தைத் தயாரிக்கும் டிடிஐ ஆலையும் அதே பட்டியலில் இருந்தன. நூறு கோடி யூரோவுக்கு மேல் செலவழித்துக் கட்டிய டிடிஐ ஆலை ஓடத் தொடங்கியதே 2015-ல்தான். உலகெங்கும் 2,600 வேலைகள் போகும், அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஜெர்மனியில் என்றது அறிவிப்பு.

காரணம் என்ன? முதலில் எரிவாயு. ரசாயன ஆலைக்கு அது எரிபொருள் மட்டுமல்ல, மூலப்பொருளும்கூட. அமோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜன் அதிலிருந்துதான் வருகிறது. ஜெர்மனியின் மொத்த எரிவாயுவில் சுமார் 4 சதவீதத்தை இந்த ஒரு வளாகமே செலவிட்டுவந்தது. உக்ரைன் போரையடுத்து ரஷ்யக் குழாய்வழி வரத்து சுருங்க, 2022 ஆகஸ்டில் ஐரோப்பியச் சந்தையில் விலை மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. அந்த ஆண்டு பிஏஎஸ்எஃப்புக்குக் கூடுதல் எரிசக்திச் செலவு மட்டும் 320 கோடி யூரோ.

பழி முழுவதையும் எரிவாயுவின் மேல் போட்டுவிட முடியாது. ஐரோப்பாவில் தேவை தளர்ந்திருந்தது. அதே காலத்தில் சீனாவின் ஜான்ஜியாங்கில் புதிய வளாகம் ஒன்றுக்கு 1,000 கோடி யூரோ வரை ஒதுக்கியிருந்ததும் இதே நிறுவனம்தான்.

நிரந்தர ஊழியர்களைக் கட்டாயமாக வெளியேற்றுவதில்லை என்ற ஒப்பந்தம் 2025 இறுதிவரை இருந்தது. அதனால் வேறு ஆலைக்கு மாற்றல், இழப்பீட்டுடன் விலகல், முன்கூட்டிய ஓய்வு என்றே ஆட்குறைப்பு நடந்தது. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஓய்வுபெற்றவரின் இடத்துக்கு வரவேண்டிய இளைஞரை அது காக்காது. வேலிக்கு வெளியிலிருந்து பராமரிப்புக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளியையும் காக்காது. இந்த இழப்பு எந்த அறிவிப்பிலும் எண்ணாக வருவதில்லை என்பதே பெரிய அநீதி.

ரசாயனத் தொழிலில் ஆலைகள் தனித்தனியே வாழ்வதில்லை. ஒன்றின் துணைப்பொருளும் கழிவு வெப்பமும் அடுத்ததற்கு உணவு. கிழக்கு ஜெர்மனியில் போலன் நகரிலுள்ள எத்திலீன் ஆலையையும் ஷ்கோபாவிலுள்ள குளோரின் ஆலையையும் 2027 இறுதிக்குள் மூடப்போவதாக டவ் நிறுவனம் 2025 ஜூலையில் அறிவித்தது. அந்த வட்டாரத்தில் அவற்றை நம்பிக் குழாய்வழி மூலப்பொருள் வாங்கும் ஆலைகள் வேறு வழி தேடியாக வேண்டும்.